பச்சைப் பொட்டலம் கொடுத்தால் ஆயிற்றா? பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ் நாளிதழ்களின் மருத்துவப் பக்கத்துக்கு அடிக்கடி வரும் கேள்விகளில் ஒன்று வெள்ளைப்படுதல். கேட்பவர் பெயர் போடாமல் ஊர் மட்டும் போட்டிருப்பார். பதிலில் உடல் சூடு, ரத்தசோகை, மோர், வெந்தயம் எல்லாம் வரும். சில நேரம் ஒரு மாத்திரையின் பெயரும் வரும். அரசு மருத்துவமனைக்குப் போனால் பச்சை நிற மருந்துப் பொட்டலம் ஒன்று கிடைக்கும். “நேரில் போய் ஸ்பெகுலம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ஸ்லைடு போடச் சொல்லுங்கள்” என்ற வரி வருவது அரிது. (ஸ்பெகுலம் என்பது யோனியை விரித்துப் பார்க்கும் கருவி; ஸ்லைடு, மாதிரியைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடித் துண்டு.) பால்வினை நோய்ச் சிகிச்சையிலும் அதற்கான ஆய்வகத்திலும் வேலை செய்கிற எங்களுக்கு அந்த ஒரு வரி இல்லாதது பெரிய குறையாகப் படுகிறது. பெண்களுக்கு எச்.ஐ.வி. எப்படித் தொற்றுகிறது என்று 30 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆராய்ச்சிகள், சுற்றிச் சுற்றி அந்த ஸ்லைடில் தெரியும் காட்சிக்கே வந்து நிற்கின்றன. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைப்படுவதெல்லாம் நோய் அல்ல. இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும் திரவம் வருவது இயல்பு. கர்ப்ப காலத்தில் கூடுதலாக வருவதும் இயல்பு. அரிப்பு, எரிச்சல், மீன் வாடை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, உறவின்போது வலி அல்லது ரத்தம், இவற்றில் ஏதாவது சேர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

கருவுறும் வயதிலுள்ள பெண்ணின் யோனிச் சுவரில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பின் தயவால் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேர்ந்திருக்கும். அதை உண்டு வாழும் லாக்டோபாசிலஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. தயிரைப் புளிக்க வைக்கும் கிருமிக் கூட்டத்துக்கு உறவுதான் இது. அந்தப் புளிப்பு இருக்கும் வரை பி.எச். அளவு (புளிப்பு கூடினால் குறையும், குறைந்தால் கூடும்) 4.5-ஐத் தாண்டாது, வெளிக் கிருமிகள் எளிதில் காலூன்ற முடியாது. லாக்டோபாசிலஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா முதலிய, காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகள் பெருகிவிட்டால் அது பாக்டீரியல் வெஜினோசிஸ். புளிப்பு போய்விடும், மீன் வாடை வரும். பாதிப் பெண்களுக்கு அந்த வாடைகூடத் தெரியாது.

இதற்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன தொடர்பு? வைரஸ் உள்ளே நுழையத் தேடுவது சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை. ஆரோக்கியமான யோனிச் சுவரில், மேல்மட்டத்தில் அவை அதிகம் இருப்பதில்லை. அழற்சி வந்தால் உடலே அவற்றை அங்கே அழைத்து வந்து குவிக்கிறது. செல்களுக்கு நடுவே உள்ள பிணைப்பும் தளர்கிறது. திருடனுக்குக் கதவையும் திறந்துவிட்டு, அவன் தேடி வந்த பொருளையும் வாசலில் வைத்தது போல ஆகிவிடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பாக்டீரியல் வெஜினோசிஸ் உள்ள பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 1.6 மடங்கு. ஆப்பிரிக்கத் தம்பதிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது: எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இந்தக் கோளாறும் இருந்தால், துணைவருக்குத் தொற்று போகும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல்.

அப்படியானால் கிருமிக்கு மருந்து கொடுத்தால் எச்.ஐ.வி. குறைந்துவிட வேண்டுமே என்று யாருக்கும் தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றியது. தான்சானியாவின் ம்வான்ஸா பகுதியில் 12 ஊர்த் தொகுதிகளை எடுத்து, பாதியில் பால்வினை நோய்ச் சிகிச்சையைச் செம்மைப்படுத்தினார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சி, தடையில்லாமல் மருந்து, மேற்பார்வை, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளில் புதிய எச்.ஐ.வி. தொற்று அங்கே 1.2 சதவீதம், மற்றப் பாதியில் 1.9 சதவீதம். ஏறத்தாழ 40 சதவீதக் குறைவு. 1995-இல் இந்த முடிவு வந்தபோது உலகம் முழுக்க நம்பிக்கை பிறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து உகாண்டாவின் ராகாய் மாவட்டத்திலிருந்து வந்த முடிவு அதற்கு நேர் எதிர். அங்கே 10 மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சில பால்வினை நோய்கள் குறைந்தன, எச்.ஐ.வி. குறையவே இல்லை.

ஏன்? இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ச் சிகிச்சைக்கான பாடமும் இதில்தான் இருக்கிறது. ம்வான்ஸாவில் எச்.ஐ.வி. அப்போது பெரியவர்களில் 4 சதவீத அளவில் இருந்தது. ராகாயில் 16 சதவீதம். தொற்று அந்த அளவுக்கு ஊருக்குள் பரவிவிட்ட பிறகு, பால்வினை நோய் இல்லாத தம்பதிகளிடையேயும் அது போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது காரணம், ம்வான்ஸாவில் நோயோடு வந்தவர் எந்த நாளில் வந்தாலும் அன்றே மருந்து கிடைத்தது. ராகாயில் 10 மாதத்துக்கு ஒருநாள். நடுவில் வரும் நோய்க்கு யார் பொறுப்பு? மூன்றாவது, ராகாயில் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருந்தது பாக்டீரியல் வெஜினோசிஸ். அது ஒரே வேளை கொடுக்கும் மருந்தில் அடங்கி, சில வாரத்திலேயே திரும்பிவிடும். பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸையோ அந்த மருந்துகள் தொடவே இல்லை.

ஹெர்பிஸை நேரடியாகக் கட்டுப்படுத்திப் பார்த்த சோதனைகளும் ஏமாற்றின. ஹெர்பிஸுக்கான அசைக்ளோவிர் மருந்தை 400 மில்லிகிராம் தினமும் இரண்டு வேளை கொடுத்து, 2008-இலும் 2010-இலும் வெளியான பெரிய சோதனைகளில் புண்கள் குறைந்தன, எச்.ஐ.வி. குறையவில்லை. 2009-இல் சியாட்டில் ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைக் காட்டினார்கள். ஹெர்பிஸ் புண் வெளியே ஆறித் தோல் மூடிய பிறகும், அந்த இடத்தில் சி.டி.4 அணுக்கள் மாதக்கணக்கில் குவிந்தே கிடக்கின்றன, அசைக்ளோவிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும். கண்ணுக்கு ஆறியது திசுவுக்கு ஆறவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஆய்வுகள் இதை இன்னும் நுட்பமாகக் காட்டின. 889 பெண்களிடம் நடந்து 2010-இல் முடிவு வெளியான கேப்ரிசா 004 சோதனையில், டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து 1 சதவீதம் கலந்த யோனிக் களிம்பு எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்தது. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி இல்லை. 2017-இல் அதே பெண்களின் மாதிரிகளைப் பிரித்துப் பார்த்தபோது, லாக்டோபாசிலஸ் மிகுந்தவர்களுக்குப் பாதுகாப்பு 61 சதவீதம், மற்றவர்களுக்கு 18 சதவீதம். கார்ட்னெரெல்லா அந்த மருந்தையே சிதைத்துத் தின்றுவிடுகிறது! அதே ஆண்டு, அதே டர்பனின் உம்லாசி குடியிருப்பில் 236 இளம்பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, பலவகைக் காற்றில்லாக் கிருமிகள் நிறைந்தவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 4 மடங்கு என்றது. லாக்டோபாசிலஸ் கிரிஸ்பேடஸ் என்ற வகை நிறைந்திருந்தவர்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் அங்கே குறைவு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

யோனிக்குள் எதையாவது போட்டால் நல்லது நடக்கும் என்ற எண்ணத்துக்கு ஆராய்ச்சி உலகமே விலை கொடுத்திருக்கிறது. விந்தணுக்கொல்லியான நோனாக்சினால்-9 எச்.ஐ.வி.யையும் கொல்லும் என்று ஆய்வகத்தில் தெரிந்ததும், அதைப் பாலியல் தொழிலாளர்களிடம் சோதித்தார்கள். 2002-இல் வந்த முடிவில், அதைப் பயன்படுத்தியவர்களில் 59 பேருக்குத் தொற்று. மருந்தில்லாக் களிம்பு பயன்படுத்தியவர்களில் 45 பேருக்கு. கிருமியைக் கொன்ற அந்த மருந்து, சுவரையும் புண்ணாக்கிவிட்டது. அடுத்து வந்த செல்லுலோஸ் சல்பேட் களிம்பின் சோதனை, பெனின், உகாண்டா, தென்னாப்பிரிக்காவோடு நம் சென்னையிலும் கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் நடந்தது. களிம்புக் குழுவில் தொற்று கூடுவதாகத் தெரிந்ததும் 2007 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். இறுதிக் கணக்கில், களிம்புக் குழுவில் 25 பேருக்குத் தொற்று, மருந்தில்லாக் குழுவில் 16 பேருக்கு. ஆய்வாளர்கள் கையில் இருந்த பொருளே இப்படியென்றால், சோப்பு, டெட்டால், கல் உப்பு, எலுமிச்சைச் சாறு, விளம்பரத்தில் வரும் ‘வாஷ்’ ஆகியவற்றால் உள்ளே கழுவுவதைப் பற்றி என்ன சொல்ல? சோப்பின் பி.எச். 9-க்கு மேல். வெளிப்பகுதியைத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே கைவிட்டுக் கழுவுவது, துணியால் துடைத்து உலர்த்துவது இரண்டும் வேண்டாம்.

இனி நம் ஊர் நிலைமை. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கு, நிறம் போட்ட மருந்துப் பொட்டலங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை: வெஜினோசிஸுக்கும், டிரைக்கோமோனஸ் என்ற உடலுறவால் பரவும் ஒற்றைச் செல் உயிரிக்கும் செக்னிடசோல் 2 கிராம்; காளானுக்கு ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம். கருப்பைவாய் அழற்சிக்குச் சாம்பல்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். அடிவயிற்று வலிக்கு மஞ்சள், 14 நாள் மருந்து. ஆய்வக வசதி இல்லாத இடத்தில், வந்த அன்றே சிகிச்சை கொடுத்தனுப்ப உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழி இது. ஆண்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது; சிறுநீர்க்குழாயில் சீழ் வந்தால் ஆணுக்குத் தெரிந்துவிடும். பெண்ணுக்கு அப்படி இல்லை. உடலுறவால் பரவும் கிளமிடியா, கொனோரியா கிருமிகள் கருப்பைவாயில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. அறிகுறி இருப்பவர்களில் பலருக்கு அந்த நோயே இருக்காது. ஆக, வேண்டாதவருக்கு மாத்திரை, வேண்டியவருக்கு ஒன்றுமில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தமிழகக் கிராமங்களில், 16 முதல் 22 வயது வரையுள்ள மணமான 451 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு அறிகுறி சொன்னார்கள். ஆய்வகச் சோதனையில் 38 சதவீதம் பேருக்குத் தொற்று; 15 சதவீதம் பேருக்கு இருந்தது உடலுறவால் வரும் தொற்று. விவசாயக் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு 2.4 மடங்கு. அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் எங்குமே வைத்தியம் பார்க்கவில்லை. பக்கத்து மருத்துவமனையில் பெண் மருத்துவர் இல்லை, மறைவான இடம் இல்லை, தூரம், செலவு, “இது எல்லோருக்கும் இருப்பதுதானே”: இவையே அவர்கள் சொன்ன காரணங்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் 650 கிராமப் பெண்களைப் பரிசோதித்த 1989-ஆம் ஆண்டு ஆய்வில், 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண் நோய் இருந்தது. அதற்கு முன் வாழ்நாளில் ஒருமுறையாவது பரிசோதிக்கப்பட்டவர்கள் 8 சதவீதம்தான்.

கோவாவில் நடந்த ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பெண்களில் பலருக்குத் தொற்றைவிட மனச்சோர்வோடும் உடல் களைப்போடும் வீட்டு வன்முறையோடும்தான் நெருங்கிய தொடர்பு இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பச்சைப் பொட்டலம் கொடுத்தால் நோய் தீராது. அதைவிட மோசம், ‘உனக்குப் பால்வினை நோய்’ என்ற பெயர் வீட்டுக்குப் போய்ச் சேரும். இதனால்தான், கொடுப்பதற்கு முன் பாருங்கள் என்கிறோம்.

பார்க்க என்ன வேண்டும்? ஒரு திரை, ஒரு மேசை, நல்ல விளக்கு, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த ஸ்பெகுலம், பி.எச். தாள், உப்பு நீர், 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஸ்லைடு, மைக்ராஸ்கோப். சளிப் பரிசோதனை நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மைக்ராஸ்கோப் ஏற்கெனவே இருக்கும்.

ஸ்பெகுலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும். ஜெல்லி தடவினால் மாதிரி கெடும். முதலில் கருப்பைவாயைப் பார்க்க வேண்டும். அதன் வாயில் மஞ்சள் சளி நிற்கிறதா, பஞ்சு பட்டதும் ரத்தம் கசிகிறதா? ஆம் என்றால் கருப்பைவாய் அழற்சி, சாம்பல் பொட்டலம் தேவை. பிறகு பக்கச் சுவரில் பஞ்சுக்குச்சியை உருட்டி எடுத்துப் பி.எச். தாளில் தேய்க்க வேண்டும். கருப்பைவாய்ச் சளியைத் தொட்டுவிடக் கூடாது. அது காரத்தன்மை உடையது, பொய்யாகக் கூட்டிக் காட்டும். விந்தும் மாதவிடாய் ரத்தமும் அப்படியே. 4.5-க்குள் இருந்து, அரிப்பும் தயிர்த் திப்பி போன்ற படலமும் இருந்தால் காளான் தொற்று. பச்சைப் பொட்டலத்தில் பாதி வீண். 4.5-க்கு மேல் என்றால் வெஜினோசிஸ் அல்லது டிரைக்கோமோனஸ். மற்றப் பாதி வீண். இரண்டும் கலந்து வருவதும் உண்டு, அதற்குத்தான் ஸ்லைடு. சில ரூபாய்ப் பெறும் ஒரு துண்டுத் தாள் இவ்வளவு சொல்கிறது.

அடுத்து ஒரு ஸ்லைடின் ஒரு முனையில் உப்பு நீர்த் துளி, மறுமுனையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுத் துளி. இரண்டிலும் மாதிரியைக் கலக்க வேண்டும். இரண்டாவது துளியிலிருந்து உடனே மீன் வாடை எழுந்தால் வெஜினோசிஸுக்கு ஒரு சான்று. உப்பு நீர்த் துளியை மூடுகண்ணாடி வைத்து, மைக்ராஸ்கோப்பின் ஒளி குவிக்கும் கண்டென்சரைச் சற்றுத் தாழ்த்தி, முதலில் 10 மடங்கு லென்ஸிலும் பிறகு 40 மடங்கு லென்ஸிலும் பார்க்க வேண்டும். டிரைக்கோமோனஸ் இருந்தால் வெள்ளையணு அளவில் ஒன்று சாட்டையைச் சொடுக்கிக்கொண்டு துடித்துத் துடித்து நகரும். அந்த அசைவுதான் அடையாளம். பத்து நிமிடம் கடந்தால் அசைவு அடங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு அதற்கும் வெள்ளையணுவுக்கும் வித்தியாசம் தெரியாது. மாதிரியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பகல் உணவுக்குப் பிறகு பார்த்து ‘இல்லை’ என்று எழுதும் ஆய்வகங்கள் உண்டு. உடனே பார்த்தாலுமே இந்த முறை பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் பிடிக்கும். வெஜினோசிஸ் என்றால், சுவர் செல்களின் மேல் கிருமிகள் அப்பிக்கொண்டு விளிம்பே தெரியாமல் இருக்கும். அப்பளத்தின் மேல் ரவையைக் கொட்டி அழுத்தினாற்போல. ஐந்தில் ஒரு செல் அப்படி இருந்தால் அதுவும் ஒரு சான்று. நீர்த்த சாம்பல் நிறத் திரவம், பி.எச்., வாடை, இந்தச் செல்கள் ஆகிய நான்கில் மூன்று இருந்தால் முடிவு செய்யலாம்.

கிராம் சாயம் போட்டு, கிருமி வகைகளை எண்ணிப் போடும் நியூஜென்ட் மதிப்பெண் பார்ப்பது இன்னும் உறுதி: 0 முதல் 3 வரை இயல்பு, 4 முதல் 6 வரை இடைநிலை, 7 முதல் 10 வரை வெஜினோசிஸ். இதில் அடிக்கடி நடக்கும் தவறு சாயத்தை அதிக நேரம் கழுவுவது. கழுவினால் ஊதா நிற லாக்டோபாசிலஸ் இளஞ்சிவப்பாகி, நல்ல கிருமியே கெட்ட கிருமியாக எண்ணப்பட்டுவிடும். ஒவ்வொரு தொகுதிச் சாயத்தோடும் தெரிந்த ஸ்லைடு ஒன்றைச் சேர்த்துப் போட்டால் இதைத் தவிர்க்கலாம்.

கிளமிடியா மைக்ராஸ்கோப்பில் சிக்காது, பெண்ணிடம் கொனோரியாவும் பல நேரம் தப்பிவிடும். மரபணுச் சோதனை வேண்டும். காசநோய்க்காக அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் ஜீன் எக்ஸ்பெர்ட் இயந்திரம், கார்ட்ரிட்ஜை மாற்றினால் இவற்றையும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சொல்லும். இந்தச் சோதனைக்கான மாதிரியைப் பெண்ணே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம்; மருத்துவர் எடுப்பதற்குச் சமமாகவே முடிவு வருகிறது என்று பல நாடுகளில் நிரூபணமாகியிருக்கிறது. பெண் மருத்துவர் இல்லை, மறைவிடம் இல்லை என்று வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான பதில் எங்களுக்குத் தெரியவில்லை. இயந்திரம் இருக்கிற இடங்களில் கார்ட்ரிட்ஜுக்கும் சுகாதாரத் துறை வழி செய்ய வேண்டும்.

சிகிச்சையில் தவறுவது எங்கே? டிரைக்கோமோனஸுக்கு ஒரே வேளை 2 கிராம் மெட்ரோனிடசோல் கொடுப்பதைவிட, 7 நாள் இருவேளை கொடுப்பதே மேல் என்று முதலில் எச்.ஐ.வி. உள்ள பெண்களிடமும், 2018-இல் மற்றப் பெண்களிடமும் தெளிவாகிவிட்டது. மூன்றாம் நாள் வாடை போனதும் மாத்திரையை நிறுத்திவிடுவது வழக்கம், நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிக்கு ஃப்ளுகோனசோல், டாக்சிசைக்ளின் இரண்டும் கூடாது. காளானுக்கு உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் போதும். காப்பர்-டி பொருத்துவதற்கு முன் கருப்பைவாயைப் பார்த்தே ஆக வேண்டும். சீழ் இருக்கும்போது பொருத்தினால், தொற்று மேலேறும் ஆபத்து முதல் மூன்று வாரத்தில்தான் அதிகம். அடிவயிற்று வலியோடு காய்ச்சல், வாந்தி, அல்லது நாள் தள்ளிப்போயிருத்தல் இருந்தால் மஞ்சள் பொட்டலத்தோடு வீட்டுக்கு அனுப்பவே கூடாது. குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம்.

பிறகு கணவர். டிரைக்கோமோனஸ், கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் எதுவானாலும் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்க வேண்டும்; முடியும் வரை உறவு கூடாது, அல்லது ஆணுறை. இதுவரை விதிவிலக்காக இருந்தது வெஜினோசிஸ். அதிலும் 2025-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த முடிவு பழைய எண்ணத்தை மாற்றியிருக்கிறது. ஆணுக்கு மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரையும், உறுப்பின் மேல் 2 சதவீத க்ளிண்டமைசின் களிம்பும் 7 நாள் இருவேளை கொடுத்தபோது, 12 வாரத்தில் பெண்ணுக்கு நோய் திரும்பியது 35 சதவீதம். பெண்ணுக்கு மட்டும் கொடுத்தபோது 63 சதவீதம். “உன் உடம்பில்தான் கோளாறு” என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு வாங்கிய பெண்களுக்காகவாவது இந்தச் செய்தியைப் பெரிதாகப் போடுங்கள்.

இந்த நோய்களோடு வரும் எவருக்கும் எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை செய்துகொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடங்களான நம்பிக்கை மையங்களில் அது இலவசம். ஒரு கிட்டில் கோடு விழுந்ததும் முடிவு சொல்லிவிடக் கூடாது. வெவ்வேறு முறையில் இயங்கும் மூன்று கிட்டுகளில் பார்த்தே உறுதி செய்வார்கள். சம்மதம் இல்லாமல் சோதிப்பதையும், முடிவை வெளியே சொல்வதையும் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. தொற்று உள்ள பெண் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தைத் தவறாமல் எடுத்து, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உறவின் மூலம் அது பரவாது. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அவருக்கு மற்றவர்களைவிட 6 மடங்கு. அதனால் 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை, அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான சோதனை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாதந்தோறும் மாத்திரை வாங்க வரும் பெண்ணிடம் ஒருமுறையாவது இதைக் கேட்கிறார்களா என்பதே எங்கள் கவலை.

தமிழகத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கே குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்கு அறுவை சிகிச்சை. அது முடிந்த அன்றோடு வீட்டில் ஆணுறைக்கு வேலை இல்லை என்று ஆகிவிடுகிறது. குழந்தை வேண்டாம் என்பதற்காக மட்டும் வந்த பொருளாக அதை அறிமுகப்படுத்திய நம் பிரசாரத்தின் விளைவு இது. இப்போது பெண் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய வழிகள் உருவாகின்றன. 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனாகாபவிர் ஊசியை, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 பெண்களுக்குப் போட்டதில், 2024-இல் வந்த முடிவின்படி ஒருவருக்கும் எச்.ஐ.வி. வரவில்லை. யோனிக் கிருமிகளால் சிதைக்க முடியாத வழியில், ரத்தத்தின் மூலம் போகும் மருந்து அது. ஆனால் அது கிளமிடியாவையோ சிபிலிஸையோ தடுக்காது. ஏற்கெனவே ஆபத்தான தொடர்பு நேர்ந்துவிட்டது என்றால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை இந்தக் கேள்வி வரும்போது, பதிலோடு கீழே உள்ளதையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். மாதவிடாய் இல்லாத நாளில் போங்கள். போவதற்கு முந்தின இரண்டு நாள் உள்ளே மருந்து, மாத்திரை எதுவும் வைக்க வேண்டாம், உறவும் வேண்டாம். காலையில் உள்ளே கழுவாமல் போங்கள். வாடையோடு வந்ததற்காக எந்த மருத்துவரும் முகம் சுளிக்கக் கூடாது, அந்த வாடை எங்களுக்குத் தேவை. முன்பு சாப்பிட்ட மருந்தின் அட்டையை எடுத்துப் போங்கள். நாள் தள்ளியிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பால்வினை நோய்ச் சிகிச்சையிலும் ஆய்வகத்திலும் பணியாற்றுவோர் சிலர்